பூவரசமரத்து வீடு

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் உண்டு, தெருப்பெயரும் உண்டு, ஆனால் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊரில் இறங்கி அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "பூவரசமரத்து வீடா? நேரா போயி குளத்தங்கரையில திரும்புங்க" என்றால்தான் வழி கிடைக்கும். அந்தப் பூவரசு 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அன்று, வேரோடு சாய்ந்துவிட்டது. மரம் போய் இத்தனை வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. கூரியர் கொண்டுவரும் பையன் அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை, அவனும் அதே பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் வந்து நிற்கிறான். அதனால் அந்த மரத்துப் பலகையிலேயே அந்தப் பெயரை வெட்டி வாசலில் மாட்டிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது. இந்தச் சித்திரை விடுமுறையில் முடித்தேன். எப்படிச் செய்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் பலகை. புயலுக்குப் பிறகு சாமில்களில் இடமே இல்லை, தென்னையும் பலாவும் தேக்குமாக மலைபோலக் குவிந்து கிடந்தது. எங்கள் அடிமரம் மூன்று மாதம் கொல்லையிலேயே கிடந்து, தை கடைசியில்தான் அறுபட்டது. ஒன்றேகால் அங்குலக் கனத்தில் அறுத்து, வெட்டுமுனைகளில் மட்டும் மீந்துபோன பெயிண்டைத் தடவி வைத்தேன். இதைச் செய்யாவிட்டால் முனை வழியாக ஈரம் சீக்கிரம் வெளியேறி அங்கிருந்து வெடிப்பு விழும். பிறகு பலகைக்குப் பலகை நடுவில் ரீப்பர் துண்டு கொடுத்து, காற்று புகுந்து போகிற மாதிரி கொட்டகையில் அடுக்கியாயிற்று. ஒரு அங்குலக் கனம் காய ஒரு வருடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். என் பலகைக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் கிடைத்தது, அதனால் இழைக்கும்போது ஒரு முறுக்கலும் இல்லை.

பூவரசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய நினைவு எல்லோருக்கும் இருக்கும், ஆனால் அதன் வைரத்தை, அதாவது நடுவில் இருக்கும் முற்றிய மரத்தை, பார்த்தவர்கள் குறைவு. சுற்றியிருக்கும் வெளிவெள்ளை வெளிர்மஞ்சளாக இருக்கும், உள்ளே வைரம் பாய்ந்த பகுதி கருஞ்சிவப்பு, இழைத்த புதிதில் ஏறக்குறைய சாக்லேட் நிறம். வண்டிச்சக்கரத்துக்கும் கலப்பைக்கும் அந்தக் காலத்தில் இதைத் தேடியதற்குக் காரணம் உண்டு, கனமாகவும் இறுக்கமாகவும் இருக்கும், லேசில் பிளக்காது. பெயர்ப்பலகைக்கு வெளிவெள்ளையை வைக்கக் கூடாது. பூச்சி முதலில் அதைத்தான் உளுக்க வைக்கும். இரண்டு ஓரத்தையும் வெட்டிப் போட்டு, மூன்றடி நீளம், ஒன்பது அங்குல அகலத்துக்கு வைரம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எழுத்துக்குத்தான் அதிக நாள் ஆனது. கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துருவைப் போட்டு, பிரிண்ட் எடுத்து, கார்பன் வைத்து இழுத்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்ச் சுவரிலும் பஸ்ஸிலும் டீக்கடைப் பலகையிலும் இருந்ததெல்லாம் பெயிண்டர் கையால் எழுதிய எழுத்து, ஒரு 'ர' மாதிரி இன்னொரு 'ர' இருக்காது, ஆனாலும் எல்லாம் ஒரே கை என்று பார்த்தவுடன் தெரியும். அது வேண்டும் என்று செய்தித்தாளை விரித்து, இரண்டு அங்குல உயரத்துக்குக் கோடு போட்டு, சாக்பீஸால் எழுதி எழுதிப் பார்த்தேன். சரி, வந்துவிட்டது என்று சுவரில் ஒட்டி வைத்தேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, ரவுக்கும் சவுக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கலாம் போலிருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. ஸ்கேல் வைத்து எல்லா இடைவெளியையும் ஒன்றாக அளந்திருந்தேன், ஆனால் 'ர' கீழே திறந்து கிடக்கிற எழுத்து, அதற்கு அடுத்து வருவதை உள்ளே தள்ளி உட்கார வைக்க வேண்டும். 'வ'வும் 'ம'வும் பக்கவாட்டில் நெட்டுக்குத்தாக நிற்பவை, அவற்றுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும். ஸ்கேலைத் தூக்கி வைத்துவிட்டுக் கண்ணால் பார்த்து நகர்த்தினேன். கடைசியாக வந்ததை டிரேசிங் தாளில் எடுத்து, கார்பன் வைத்துப் பலகைக்கு மாற்றினேன்.

வெட்டுவதற்குச் சின்ன டிரிம் ரவுட்டர் போதும், சுழலும் பிட்டால், அதாவது வெட்டுமுனையால், மரத்தில் பள்ளம் எடுக்கிற மெஷின், ஒரு கையில் பிடிக்கக் கூடியது. அதோடு அதை நேராகக் கீழே இறக்கி ஏற்றுகிற அடித்தட்டு, பிளஞ்ச் பேஸ் ஒன்று. பிளஞ்ச் பேஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு கோட்டையும் தொடங்கும்போது சுற்றுகிற பிட்டைச் சாய்த்து இறக்க வேண்டியிருக்கும், அந்த இடத்தில்தான் கை நழுவும். பிட், ஆங்கில V போலக் கூம்பிய 60 டிகிரி வி-பிட். 90 டிகிரியும் கிடைக்கும், ஆனால் அதில் ஆழத்தைப்போல இரு மடங்கு அகலம் திறந்துகொள்ளும், ஐந்து மில்லிமீட்டர் இறக்கினால் பத்து மில்லிமீட்டர் கோடு. இரண்டு அங்குல எழுத்துக்கு அது தடிமன். 60 டிகிரியில் அதே ஐந்து மில்லிமீட்டருக்கு ஆறு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். தமிழ் எழுத்தின் சுழிகளுக்குள் அதற்குமேல் இடம் கிடையாது.

ரவுட்டரை வெறுங்கையால் ஓட்டும்போது தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றில் சுழலும், அதனால் நீங்கள் எந்தத் திசையில் தள்ளினாலும் மெஷின் அந்தத் திசைக்கு இடப்பக்கமாக ஒதுங்கப் பார்க்கும். இது கைக்குப் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அடுத்தது மரத்தின் ரேகை. ரேகைக்குக் குறுக்கே வெட்டும்போது பிட் சொன்ன பேச்சைக் கேட்கும். ரேகையோடு போகும்போது, அதாவது 'ப', 'ட', 'ம' மாதிரி எழுத்துகளின் அடிக்கோட்டில், அது கோட்டை விட்டுவிட்டு ரேகையின் பின்னால் போகும். அதனால் ஒரே இறக்கில் வெட்டாமல், முதலில் மூன்று மில்லிமீட்டர், பிறகு அதே தடத்தில் ஐந்து என்று இரண்டு முறை ஓட்டினேன். முதல் தடம் விழுந்துவிட்டால் இரண்டாவது முறை பிட் தானாகவே அதில் உட்கார்ந்துகொள்ளும். மீதமிருந்த துண்டுப்பலகையில் இரண்டு நாள் வெறும் 'ட'வும் 'வ'வும்தான் வெட்டிக்கொண்டிருந்தேன், அந்த இரண்டு நாளை யாரும் மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள்.

வெட்டிக்கொண்டே இருக்கும்போது ஒன்று தோன்றியது. ஏட்டில் எழுதிய காலத்தில் ஓலை கிழிந்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமல் எழுதினார்கள் என்று படித்திருக்கிறேன். மரத்தில் இது நேர்மாறு. என் பலகையிலேயே மிகச் சுலபமான இடம் 'த்'தின் புள்ளிதான், பிட்டை நேரே இறக்கி நேரே எடுத்தால் கச்சிதமாக ஒரு கூம்புக்குழி. கஷ்டமெல்லாம் சுழியில்தான். பேனா பிடித்த நாளிலிருந்து 'வீ' எழுதுகிறேன், மேலே போகிற அந்த விலங்குக் குறி எங்கே வளைந்து எங்கே சுழிக்கிறது என்று நின்று பார்த்ததே இல்லை. பேனா ஒரு நொடியில் கடந்துபோகிற இடத்தை ரவுட்டர் ஒரு நிமிடம் எடுத்துக் கடக்கிறது, அந்த ஒரு நிமிடமும் நாம் அந்த எழுத்துக்குள்ளேயே இருக்கிறோம். இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் அதுதான், பலகை முடிந்ததைவிட.

அந்த 'வீ'யில்தான் அடியும் பட்டது. சுழிக்குள் தீவு மாதிரி ஒரு துண்டு மரம் நிற்கும், அரிசி அளவு. நாலு பக்கமும் வெட்டிவிட்டதால் அதைப் பிடித்துக்கொள்ள ரேகையின் நீளம் இல்லை, இரண்டாவது ஓட்டத்தில் பட்டென்று தெறித்துவிட்டது. உடனே மெஷினை அணைத்துவிட்டு, துடைப்பம் போடாமல், டார்ச் அடித்துத் தூளுக்குள் தேடி எடுத்தேன். அடுத்து எழுத்தைக் கருப்பாக்கப் பள்ளங்களை எரிக்க வேண்டியிருந்ததால் சூப்பர் க்ளூ வேண்டாம் என்று வைத்துவிட்டேன், அது சூடானால் வரும் புகை கண்ணையும் மூக்கையும் பிடுங்கும். சாதாரண ஃபெவிகால் வைத்து, பல்குத்தும் குச்சியால் அழுத்தி, ஒரு ராத்திரி விட்டேன். இதே மாதிரி சுழிகளை இனிமேல் வெட்டுவதானால் இரண்டாவது ஓட்டத்தை ரவுட்டரில் செய்ய மாட்டேன், கூரான சின்ன உளியால் சுழியின் உட்பக்கத்தைச் சீவி எடுப்பேன்.

அப்புறம் எரிப்பது. மின்சாரச் சூட்டுப்பேனாவால் பள்ளத்துக்குள் கோடு கோடாகச் சுட்டுக்கொண்டே போகலாம், சின்னப் பலகைக்கு அது நல்லது. என்னுடையது மூன்றடி, அதனால் பியூட்டேன் டின்னில் மாட்டுகிற கேஸ் டார்ச்சை எடுத்தேன். வேறொரு வழியும் உண்டு, நவச்சாரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் எழுதி, காய்ந்ததும் சூடு காட்டினால் தடவிய இடம் மட்டும் கருகும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் போடும் அதே நவச்சாரம். ஆனால் அதன் புகை நெஞ்சை அடைக்கும், வீட்டுக்குள் வைத்துச் செய்யவே கூடாது.

இன்னொன்று இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகவே எழுதுகிறேன். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, பலகையில் உப்புக்கரைசல் தடவி, மின்சாரம் பாய்ச்சி மின்னல் கிளை மாதிரி கோடு எரிக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. பார்க்க அழகாக இருக்கும். அதில் இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட், தொட்டால் விடாது, அனுபவமுள்ளவர்களே இதில் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மரக்கடைசல்காரர்களின் சங்கம் தங்கள் நிகழ்ச்சிகளில் இதைத் தடையே செய்திருக்கிறது. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

டார்ச்சுக்கு முன்னால் பள்ளங்களிலிருந்த தூளையெல்லாம் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டித் தட்டிவிட்டேன், இல்லாவிட்டால் தூள் கங்காகி உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பலகையை வெட்டிய இடத்திலேயே வைத்து எரிக்கவும் கூடாது. கீற்றுக்கொட்டகையை விட்டு வெகுதூரம் தள்ளி, காற்றில்லாத சாயங்காலம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். தீநாக்கின் நுனி மட்டும் பள்ளத்தைத் தொடுகிற மாதிரி, நிற்காமல் நகர்த்திக்கொண்டே போனேன். ஒரே இடத்தில் நின்றால் பள்ளத்தின் விளிம்பு முதலில் எரிந்து மழுங்கிவிடும், எழுத்து பூசினாற்போல ஆகிவிடும். 'வீ' பக்கம் வந்தபோது மட்டும் டார்ச்சை லேசாகக் காட்டிவிட்டு, மிச்சத்தைச் சூட்டுப்பேனாவால் முடித்தேன், ஃபெவிகால் சூட்டில் இளகிவிடும். எல்லாம் முடிந்தபோது பலகை முழுவதுமே அங்கங்கே கருத்துப் புகைபிடித்து அசிங்கமாகத்தான் இருந்தது. அது அப்படித்தான் இருக்கும்.

இப்போது மேற்பரப்பை மட்டும் எடுக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் கரி ரேகைக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. பெரும்பாலானவர்கள் உப்புத்தாள் போடுவார்கள். நான் இழைப்புளியைத் தீட்டி, மிக மெல்லிய சீவலாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தள்ளினேன். கரி படிந்த சீவல் சுருண்டு விழ விழ, அடியில் அந்தக் கருஞ்சிவப்பும் அதற்குள் கரிய எழுத்தும் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தது. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியும் பச்சிலைச் சாறும் தடவி, மேலே துடைத்துவிட்டால் கீறல் மட்டும் கருப்பாக நிற்குமே, அதே வேலைதான் இது, கரியைத் தடவுவதற்குப் பதிலாக மரத்திலேயே கரியை உண்டாக்குகிறோம். இழைப்பதாக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே நினைவில் வையுங்கள். மேலே அரை மில்லிமீட்டர் போனால் வி-பள்ளத்தின் அகலமும் அதே அளவு, கொஞ்சம் கூடவே, குறையும். அதற்கு ஈடாக வெட்டும்போதே அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறக்கிவிடுங்கள். கடைசியில் 220 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி ஒரே ஒரு தடவை. விரலால் அழுத்தித் தேய்த்தால் எழுத்தின் ஓரம் குழிந்துவிடும்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நாள். வெயில் படும் இடத்தில் வார்னிஷ் சில வருடத்தில் தோல் உரிகிற மாதிரி உரியும், எண்ணெயாக இருந்தால் மங்கும்போது மேலேயே இன்னொரு கை தடவிக்கொள்ளலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, அல்லது தண்ணீரில் முக்கி, அதன் பிறகுதான் குப்பைக்கு.

மாட்டும்போது இரும்பு ஸ்குரூ வேண்டாம், ஈரம் பட்டால் மரத்தோடு சேர்ந்து கருப்பாக வழிந்து இறங்கும். பித்தளை ஸ்குரூ வாங்கினேன். பித்தளை மெத்தென்று இருப்பதால், அதே அளவு இரும்பு ஸ்குரூவை முதலில் ஒருமுறை ஏற்றிக் கழற்றிவிட்டு, பித்தளையில் மெழுகு தேய்த்து முறுக்கினேன், இல்லாவிட்டால் தலை திருகிக்கொண்டு கையோடு வந்துவிடும். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் அரை அங்குலக் கட்டை கொடுத்திருக்கிறேன், சாரல் அடித்தாலும் பின்பக்கம் தண்ணீர் தங்காமல் காற்றோடி உலர்ந்துவிடும்.

மாட்டிய அன்று அம்மா தெருவில் இறங்கிப் போய் நின்று பார்த்தாள். எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்துவிட்டு, "இப்ப சவு சரியா உக்காந்திருக்கு" என்றாள். 'வீ'யில் ஒட்டிய துண்டு எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொரு கை எண்ணெய் கொடுக்க வேண்டும், மீதி மூன்று பலகை இன்னும் கொட்டகையில் இருக்கிறது.