ஜார்ஜிய வீட்டுச் சன்னலுக்குக் கயிறு மாற்றிய அனுபவம்

லண்டனின் ஜார்ஜிய (ஜார்ஜ் மன்னர்கள் காலத்து) வரிசை வீடுகளில் இருப்பது சாஷ் சன்னல்; அதில் இரண்டு கண்ணாடிக் கதவுகள் மேலும் கீழும் நகரும். ஒவ்வொரு கதவும் இருபக்கமும் கயிற்றில் தொங்கும்; கயிறு கப்பி வழியே போய், பக்கத்து மரப்பெட்டிக்குள் கதவின் எடையைச் சமன்செய்யும் எடைக்குண்டில் முடியும். பிற்கால ஜார்ஜிய வீடுகளில் அந்தப் பெட்டி வெளியே தெரியாது. தீ பரவாமலிருக்க, 1709 சட்டம் சன்னலைச் சுவர் முகப்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774 சட்டம் பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. வேலை முழுக்க வீட்டுக்குள்ளிருந்துதான்.

பாரம்பரியப் பட்டியலில் உள்ள பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் முதலில் உள்ளூர் கவுன்சிலிடம் எழுதிக் கேளுங்கள். உள்ளதை உள்ளபடி பழுதுபார்க்கப் பெரும்பாலும் அனுமதி வேண்டியிருக்காது. ஆனால் தேவைப்படும் இடத்தில் அனுமதி வாங்காமல் மாற்றுவது கிரிமினல் குற்றம்.

பெயின்ட் மூடிய இடுக்கைக் கத்தியால் கீறிவிட்டு, கீழ்க் கதவை உள்பக்கம் பிடித்திருக்கும் ஓரப்பட்டையின் நடுவில் மழுங்கிய உளியை நுழைத்து வளைத்தோம். முனையில் ஆரம்பித்தால் மூலை உடையும். கீழ்க் கதவின் கயிற்றை வெட்டும்போது குண்டுப் பக்கத்து நுனியைக் கையில் பிடித்தே இருக்கவேண்டும். விட்டால் குண்டு பெட்டிக்குள் தடாலென்று விழும். இரு கதவுக்கும் இடையிலுள்ள மெல்லிய பட்டை கழற்றும்போது உடைவது சகஜம். புதியதை முன்பே வாங்கி வைப்பது நல்லது. பழைய பட்டை போனதும் மேல் கதவும் வந்துவிடும். பக்கப் பலகையின் கீழ்ப்பகுதியில் குண்டை எடுக்க ஒரு சிறு மூடி உண்டு; பல அடுக்கு பெயின்ட்டில் அது மறைந்தே போயிருக்கும்.

கண்ணாடியைத்தான் உயிராகக் காக்கவேண்டும். ஊதிச் சுழற்றித் தட்டாக விரித்து வெட்டிய பழங்கண்ணாடி அது. எதிர்வீட்டுப் பிம்பம் அதில் லேசாக நெளியும். புதுக் கண்ணாடியில் அந்த உயிர்ப்பு இல்லை. கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் புட்டி என்ற பூச்சு கல்லாய் இறுகியிருந்தது; அதை உளியால் கொத்தாமல் நீராவியில் இளக்கினோம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், உலர்வாகத் தேய்க்கவே கூடாது. புதுப் புட்டிக்கு முன் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசவேண்டும். காய்ந்த மரம் புட்டியின் எண்ணெயை உறிஞ்சினால் அது உதிர்ந்துவிடும்.

கதவின் எடையைப் புட்டி வைத்த பிறகே பாருங்கள். 14 கிலோ என்றால் பக்கத்துக்கு 7 கிலோ. மேல் கதவுக்குக் குண்டு ஒவ்வொன்றும் கால் கிலோ கூட இருந்தால் கதவு மேலேயே நிற்கும். கீழ்க் கதவுக்குக் கால் கிலோ குறைத்தால் நன்றாக மூடும். கனமான கண்ணாடி மாற்றிவிட்டுப் பழைய குண்டையே விட்ட சன்னல்களில்தான் மேல் கதவு சரிகிறது.

நூலில் சிறு ஈயத்துண்டைக் கட்டிக் கப்பி வழியே இறக்கினால், பின்னாலேயே பருத்திக் கயிற்றை இழுத்துவிடலாம். கீழ்க் கதவுக்குக் கயிறு நீளமானால், முழுக்கத் தூக்கும் முன்பே குண்டு தரைதட்டி, கதவு நிற்காமல் இறங்கும். குட்டையானால் குண்டு கப்பியில் முட்டி, கதவு மூடாது. கயிற்றைக் கதவின் பக்கத்தில் மேல் நுனியருகே ஆணியடித்தால் ஆணியடித்த இடம் கப்பியில் இடித்து, கதவு முழுக்க ஏறாது, இறக்கி அடியுங்கள்.

புட்டியின் மேல் தோல் கட்டியதும் கண்ணாடி மீது 2 மில்லிமீட்டர் ஏறும்படி பெயின்ட் பூசுங்கள். கயிற்றில் மட்டும் ஒரு சொட்டும் படவேண்டாம். விறைத்துச் சீக்கிரம் அறுந்துவிடும்.