எவ்வளவு வந்திருக்கு சார்?

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது என் தலையில் விழுந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. செயலியில் சீக்கிரம் பதிவேற்றுவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். நியாயப்படி அது பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் குழுவைச் சொல்லி, 22ஆம் பிரிவில் திட்டத்தைச் சொல்கிறது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேர். அதில் ஆசிரியர்களான எங்கள் தரப்பு தலைமையாசிரியரும் இன்னோர் ஆசிரியரும்தான். மற்ற ஆசிரியர்கள் கூட்டத்தன்று நாற்காலி போட்டு, டீ சொல்லிவிடுவதோடு சரி.

பள்ளியில் எழுதும் திட்டம் வட்டார வள மையம் போய், மாவட்டத் திட்டமாகி, மாநிலத் திட்டமாகி, டில்லியில் ஒப்புதல் பெறும் என்பது ஏற்பாடு. கீழிருந்து மேலே போவதாகப் பெயர். ஆனால் என்ன கேட்கலாம் என்ற பட்டியல் மேலிருந்துதான் வருகிறது. சமையலறை வாசலில் மழைத்தண்ணீர் தேங்குகிறது, இரண்டு லோடு மண் அடித்தால் போதும். அதைப் போட இடமில்லாமல் 'இதர' என்ற கட்டத்தில் போட்டேன். 'இதர'வில் போட்ட எதற்கும் பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

கைக்கு வரும் பணம் என்று பார்த்தால், ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம்தான். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. எங்கள் எண்ணிக்கை எப்போதும் நூறை ஒட்டியே நிற்கும். ஒரு குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூர் கிளம்பி இரண்டு பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனால், 50,000 பாதியாகிவிடும். தண்ணீர் மோட்டாரின் காயிலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 99 பேர் படித்தாலும் 101 பேர் படித்தாலும் அதே செலவில்தான் கருகும். ஆசிரியர் எண்ணிக்கையும் இப்படித்தான். தொடக்க வகுப்புகளில் 60 பேர் வரை இருவர், 61 ஆனால் மூவர். ஒரு பிள்ளை குறைந்தால் ஒருவர் உபரி. இதில் எங்களை யாரும் கேட்பதில்லை, கேட்டும் ஆகப்போவதில்லை.

எங்களுக்கு மானியம் பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில்தான் வரும். மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் தலைமையாசிரியர்கள் தெரிந்த கடையில் மொத்தமாக வாங்கிப் போடுவார்கள். பிறகு ஆசிரியர் அறையில் ஒரு மாதம் முணுமுணுப்பு ஓடும்.

முன்பிருந்த ஒரு தலைமையாசிரியர் இதை மாற்றினார். பணம் வந்த அன்று மாலையே எல்லோரையும் உட்கார வைத்து, குழுத் தலைவியையும் வரச் சொல்லி, கரும்பலகையில் 50,000 என்று எழுதினார். தூய்மைப் பணிக்கென்று விதிப்படி ஒதுக்க வேண்டிய பத்து சதவீதம், 5,000. மின்சாதனப் பழுது, பதிவேடுகள் என்று தவிர்க்க முடியாதவற்றையும் கழித்தார். மிச்சத்தைக் காட்டி, "இதுக்குள்ள பேசுங்க" என்றார்.

முதலில் யாரும் வாயே திறக்கவில்லை. அப்புறம் சண்டையே வந்தது. அறிவியல் ஆசிரியருக்கு நுண்ணோக்கி பழுது பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் உயரத்தில் இருக்கும் பலகைக்குக் கறுப்பு பெயிண்ட் வேண்டும். வாசலில் நின்றிருந்த தூய்மைப் பணியாளர் அக்காவையும் தலைமையாசிரியர் கேட்டார். "பினாயில் போன வருசத்ததே கெடக்கு சார். வாளிதான் ஓட்டை. குழாய்லயும் தண்ணி நிக்கல" என்றார். வருடா வருடம் பெட்டி பெட்டியாகப் பினாயில் வாங்கிய பள்ளி எங்களுடையது. அந்த முறை வாளியும் குழாயும் வாங்கினோம், நுண்ணோக்கி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. அறிவியல் ஆசிரியருக்கு வருத்தம்தான், ஆனால் முணுமுணுக்கவில்லை. பலகையிலிருந்த தொகையைப் பார்த்து அவரே விட்டுக்கொடுத்தது அது. தொகையைச் சொல்லாமல் 'உங்கள் தேவையை எழுதித் தாருங்கள்' என்று கேட்டிருந்தால் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்திருப்போம். ஆலோசனை கேட்டாயிற்று என்று கோப்பிலும் ஏறியிருக்கும்.

பெரிய அளவில் என்ன நடக்கும் என்பதை 2024-25 காட்டியது. அதே ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 3,586 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தும், பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் சேரும் ஒப்பந்தத் தகராறில் ஒன்றிய அரசின் பங்கான 2,152 கோடி நின்றுபோனது. திட்டப் பணியாளர்களுக்கு அந்தச் செப்டம்பர் சம்பளமே தள்ளிப்போனது. நாங்கள் பக்கம் பக்கமாகப் பதிவேற்றியதற்கு அதில் எந்தச் செல்வாக்கும் இல்லை.

அந்தத் தலைமையாசிரியர் கலந்தாய்வில் மாறுதலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் கணக்கில் கறார், பலகையில் எழுதுவதில் நாட்டமில்லாதவர். முதல் கூட்டத்திலேயே தீர்மானப் பதிவேட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார். குழுத் தலைவி பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டே, "எவ்வளவு வந்திருக்கு சார்?" என்று கேட்டார்.

தலைமையாசிரியர் எழுந்து போய் சாக்பீஸ் எடுத்தார்.