போகும் அஞ்சலுக்கு எம்எக்ஸ் சாட்சி சொல்லாது

மன்னார்குடிக்கு அருகே இயங்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு ஐப்பசி தொடக்கத்தில் என்னிடம் வந்தது. தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் வாங்கும் வெளியூர் வியாபாரிகளுக்கு அதுவரை இலவசக் கணக்கு ஒன்றிலிருந்தே விலைப்பட்டியல் போய்க்கொண்டிருந்தது.

நம் பெயருக்கு வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று, டிஎன்எஸ் என்னும் இணையப் பெயர்ப் பதிவேட்டில் சொல்லும் எம்எக்ஸ் பதிவு எளிது. அது ஐபி எண்ணையோ, வேறொரு பெயருக்குத் திருப்பிவிடும் சிநேம் பெயரையோ காட்டாமல், தனக்கென ஏ பதிவு (பெயரை ஐபி எண்ணோடு இணைப்பது) உள்ள பெயரைக் காட்டினால் போதும். அன்று மாலையே வெளியிலிருந்து அஞ்சல்கள் வந்து சேர்ந்தன. நாங்கள் அனுப்பியவையோ ஸ்பாம் பெட்டியில் கிடந்தன. வரும் அஞ்சலுக்கு வழிகாட்டுவதோடு எம்எக்ஸின் வேலை முடிந்துவிடுகிறது.

எந்தச் சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். நான் எழுதியதோடு, இணையதளத்தை முன்பு அமைத்தவர்கள் விட்டுச்சென்ற பழைய எஸ்பிஎஃப் பதிவும் அங்கே இருந்தது. இரண்டு இருந்தால் பெறும் சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. நிரந்தரப் பிழை என்று முடிவுகட்டிவிடும். அதைச் சரிபார்க்க ஆகும் டிஎன்எஸ் தேடல்கள் வரம்பான 10-ஐத் தாண்டாதபடி இரண்டையும் ஒன்றாக்கினேன்.

இரண்டு நாள்களை விழுங்கியது, போகும் அஞ்சலில் மின்கையெழுத்து இட்டு, அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவியை டிஎன்எஸ்ஸில் வைக்கும் டிகிம்தான். 2048 பிட் பொதுச்சாவி ஏறத்தாழ 400 எழுத்து நீளம் வரும்; அதை வைக்கும் டெக்ஸ்ட் பதிவின் ஒரு சரத்திலோ 255 எழுத்துக்கு மேல் இடமில்லை. ஆகவே சாவியை இரண்டாகப் பிரித்து, தனித்தனி மேற்கோள்குறிக்குள், ஆனால் ஒரே பதிவில் அடுத்தடுத்து வைக்க வேண்டும். நான் முழுதாக ஒட்டிய சாவியின் கடைசிப் பகுதியை டொமைன் பதிவுகளைத் திருத்தும் பலகை எந்த எச்சரிக்கையும் இன்றி வெட்டிவிட்டிருந்தது. டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையால் பதிவை வரவழைத்து, சர்வரில் இருந்த கோப்போடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே அது தெரிந்தது. பலகை காட்டுவதை நம்பாமல் வெளியிலிருந்து கேட்டுப் பார்ப்பதையே இப்போது முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

ஐபி எண்ணிலிருந்து சர்வரின் பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவை அந்த எண்ணின் உரிமையாளர்தான் வைக்க முடியும் என்பதால், சர்வரை வாடகைக்குத் தந்தவர்களுக்கு எழுதிப் பெற்றேன்.

ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5000 அஞ்சல்களுக்கு மேல் தன் பயனர்களுக்கு அனுப்புவோரிடம்தான், எஸ்பிஎஃப், டிகிம் சரிபார்ப்பில் தோற்கும் அஞ்சலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் டிமார்க்கைக் கட்டாயமாகக் கேட்கிறது. எங்கள் அளவு அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் வங்கிக் கணக்கு மாறிவிட்டதென்று நிறுவனத்தின் பெயரில் யாரேனும் போலி அஞ்சல் அனுப்பினால், நட்டம் நெல் கொடுத்த உழவருக்குத்தான். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளை நாள்தோறும் பார்த்துவருகிறேன். சம்பா அறுவடைக்கு முன், சரிபார்ப்பில் தோற்கும் அஞ்சலை ஒதுக்கிவைக்கச் சொல்லும் நிலைக்கு மாற்றிவிடுவேன்.