வளவு வீட்டில் ஒரு சேவல் மீன்: 70 நாள் குறிப்பு

ஆத்தாவின் கணக்கில் வீட்டில் வளர்க்கிற உயிர் ஒன்று பால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வாசலைக் காக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் குழம்பாக வேண்டும். நான் வாங்கி வந்தது எதிலும் சேரவில்லை. “சுண்டு விரல் நீளம்கூட இல்லையேப்பா, இதுக்கா 180 ரூபாய்?” என்றார்.

மாசி மாதம் பிறந்த வாரம் அது. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வேறு வேலையாகப் போனவன், கூட வந்த மகள் கையைப் பிடித்து இழுத்ததில் வண்ணமீன் கடைக்குள் போய்விட்டேன். வரிசையாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் புட்டிகள், புட்டிக்கு ஒரு மீன், நடுவில் அட்டைத் தடுப்பு. நாம் ஃபைட்டர் என்று சொல்லும் பேட்டா மீன்தான் எல்லாம். ஆண் மீன் இரண்டைச் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். மகள் ஒரு தடுப்பட்டையை லேசாகத் தூக்கினாள். அடர்நீல உடம்பு, சிவப்புத் துடுப்பு உள்ள ஒருவன் செவுளை விரித்துக்கொண்டு பக்கத்துப் புட்டிக்காரன் மேல் பாய்ந்தான். “அப்பா, சேவல்!” என்றாள். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

கடைக்காரர், “புட்டியே போதும் சார், சாக்கடையிலகூடப் பொழைச்சுக்கும்” என்றார். அதில் பாதி உண்மை. இதற்குச் செவுளோடு, தலைக்குள் மடிப்பு மடிப்பாக இன்னொரு மூச்சுறுப்பும் உண்டு. மேலே வந்து வாயால் காற்றை இழுத்துக்கொள்ளும். தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் சேறு நிறைந்த வாய்க்கால்களிலும் வாழப் பழகிய மீன். 2019ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆனால் வயலில் தண்ணீர் ஆழம் குறைவாக இருந்தாலும் பரந்து கிடக்கும். புட்டியில் மீன் தன் கழிவைத் தானே குடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூச்சு முட்டாது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “நம்ம கம்மாய்ப் பனையேறி மாதிரியில்ல மேல வந்து வாயத் தொறக்குது” என்றார். சரியாகச் சொன்னார். பனையேறிக் கெண்டையும் பேட்டாவும் அதே மூச்சுறுப்புள்ள தூரத்துச் சொந்தங்கள். 1791ல் தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்துப் பட்டை வெடிப்பில் இந்தக் கெண்டையைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதி வைத்த பிறகுதான் மீன் பனை ஏறும் கதை வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தது. எங்கள் செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவிலிருந்து தேக்கு கொண்டு வந்தார்கள். நான் சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மீனை காரைக்குடியிலிருந்து பாலிதீன் பையில் கொண்டு வந்தேன்.

இனி நோட்டில் உள்ளபடி. மகளின் பழைய கணக்கு நோட்டு, அவள் போட்ட கழித்தல் கணக்குகளுக்கு நடுவே.

நாள் 2

ஒன்றரை அடித் தொட்டி: 18 அங்குல நீளம், 10 அகலம், 10 உயரம். மேலே 2 அங்குலம் விட்டு நிரப்பினால் 23 லிட்டர் சொச்சம். இந்த மீன் துள்ளும், அதனால் அந்த இடைவெளியும் வலை மூடியும் அவசியம். மெல்லக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்கு ஏர் பம்ப். முதலில் முழு வேகத்தில் விட்டதில் நீளத் துடுப்போடு பாவம் சுழற்காற்றில் சிக்கிய வேட்டி மாதிரி அலைந்தது. வால்வைத் திருகிக் குறைத்தேன்.

நாள் 3 முதல் 5 வரை

தொட்டியை எங்கே வைப்பது? எங்கள் பங்குக்கு வந்த அறையில் ஐயா காலத்துப் பெல்ஜியம் கண்ணாடி ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதன் முன்னால் பெட்டகம். அதன் மேல் வைத்தால் ஒரு மீன் இரண்டாகத் தெரியும், பார்க்கவும் அழகு என்று வைத்தேன். சேவலுக்கும் இரண்டாகத்தான் தெரிந்தது. செவுள் விரித்த மேனிக்கு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கண்ணாடிப் பக்கமே நின்றது. போட்ட தீனி அப்படியே அடியில் கிடந்தது. இரண்டாம் நாள் வால் நுனியில் ஒரு கிழிசல். தன் நிழலோடு மூன்று நாள் சண்டை போட்டு யார்தான் நன்றாக இருப்பார்கள்? பின்பக்கம் கறுப்பு சார்ட் ஒட்டி, தொட்டியை வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) ஓரத்துக்கு மாற்றினேன். அன்று மாலையே சாப்பிட்டது.

நாள் 6

செய்த பெரிய தவறு இன்று புரிந்தது. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் வாங்கும் முன்பே இதை முடித்திருக்க வேண்டும். நான் கிரகப்பிரவேசம் முடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிறேன்.

தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து கிட் வாங்கி வந்தேன். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. என் சோதனைக் குழாயில் பச்சை: 0.5 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அரைப் பங்கு. எங்கள் போர் தண்ணீரின் பிஎச் 8.2, அதாவது காரப் பக்கம். பிஎச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாகும். ஆகவே நமக்கு 0.5 என்பது சின்னக் கணக்கு இல்லை. தினமும் சோதனை, 6 லிட்டர் மாற்றல். போரை விட்டுவிட்டுப் பேரூராட்சிக் குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். குளோரின் போக ஒரு நாள் வைத்து, ஆன்ட்டி-குளோரின் சொட்டும் விட்டே ஊற்றுகிறேன்.

தண்ணீர் பிடித்து வைக்க ஆத்தா செம்புக் கிடாரத்தைத் துலக்கி எடுத்துக் கொடுத்தார். செம்பு கரைந்தால் மீனுக்கு ஆகாது என்று பிளாஸ்டிக் குடத்துக்குப் போனேன். அவருக்கு வருத்தம்தான்.

நாள் 9

மகள் தீனி டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். வயிறு உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது. இரண்டு நாள் பட்டினி போட்டதில் சரியானது. இப்போது காலை 3 உருண்டை, மாலை 3, ஞாயிறு விரதம்.

நாள் 12

கொல்லையில் வாதாமரம் சிவக்கச் சிவக்க இலை உதிர்க்கும் பருவம். ஆத்தா விடிகாலையில் பெருக்கிக் குவிப்பார். அந்தக் குவியலில் நான் குந்தி, பூச்சி அரிக்காத, நன்றாகக் காய்ந்து பழுப்பான இலையாகப் பொறுக்கினேன். கடைகளில் இதையே பாக்கெட் போட்டு விற்கிறார்கள்! கழுவி ஓர் இலை போட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் வரக்காப்பி நிறம். இலையிலிருந்து இறங்கும் டானின்தான் அது. இந்த மீன்களின் பூர்வீகத் தண்ணீரும் இலை ஊறிய தண்ணீர்தான். ஒரே இலையில் பிஎச் அசையவே இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். நம் ஊர்த் தண்ணீர் அவ்வளவு எளிதில் மசியாது. ஆனால் சேவல் இலையின் நிழலில் போய் ஒதுங்கிக்கொண்டது, நிறம் கூடியது.

“குப்பையக் கொண்டு போயி நல்ல தண்ணியில போட்டிருக்கே” என்றார் ஆத்தா.

நாள் 19

கொசுப்புழு என்றால் சேவலுக்கு உயிர். தொட்டிக்குள் அது நெளிந்து இறங்கும்போது இவன் பாய்ந்து கவ்வுவதைப் பார்க்க வேண்டுமே. அதற்காகப் பின்கட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஒளித்து வைத்து, தேநீர் வடிகட்டியில் வேளைக்கு ஐந்தாறு அள்ளி வந்தேன். இன்று கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் டார்ச்சோடு வீடு வீடாக வந்தார். வாளியைக் கண்டுபிடித்து, எங்கள் கண் முன்னாலேயே கவிழ்த்து, “படிச்சவங்களே இப்படிச் செஞ்சா எப்படி சார்?” என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்ல வாய் இல்லை. நம் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நாம் இரண்டு நாள் மறந்தால் டெங்கு தெருவுக்கே. அதோடு அந்தச் சோலி முடிந்தது. இப்போது உறைய வைத்த ரத்தப்புழு, வாரம் இருமுறை.

நாள் 26

அம்மோனியா 0.25. நைட்ரைட் முதன்முறையாக ஊதா காட்டியது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். முதல் வகை பாக்டீரியா வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

நாள் 33

ஒரு கல்யாணத்துக்காக தேவகோட்டை போய்விட்டு மாலை வந்தேன். தொட்டியில் குமிழி இல்லை. ஸ்பாஞ்சும் இல்லை. வளவு ஓரத்தில், மோர்மிளகாய் காயும் தட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது.

“சளி மாதிரி வழவழன்னு இருந்துச்சுப்பா. கையில ஒட்டுது. அதான் நல்லாக் குழாயில அலசி வெயில்ல போட்டேன்.”

“சோப்பு போட்டியா ஆத்தா?”

“மீனுக்கு யாராச்சும் சோப்பு போடுவாகளா?”

அந்த மட்டும் பிழைத்தது. அந்த வழவழப்புதான் நான் ஒரு மாதமாக வளர்த்த பாக்டீரியா என்று எப்படிச் சொல்ல? பித்தளையைப் புளி போட்டு முகம் தெரியத் தேய்த்த கை அது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரையே தடவிப் பார்த்து அழுக்கு சொல்கிறவர். சுத்தம் செய்தது தப்பு என்று அவருக்கு விளங்க வைக்க எனக்கு வார்த்தை வரவில்லை. கடைசியில், “தயிருக்கு உறை ஊத்துற மாதிரி ஆத்தா, அதுதான் உறை” என்றேன். சற்று நேரம் பேசவில்லை. “அப்பவே சொல்லித் தொலையுறதுக்கென்ன?” என்றார்.

ஸ்பாஞ்ச் அழுக்கானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிய வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரினும் வெயிலும் பட்டால் மிச்சம் எதுவும் இருக்காது.

நாள் 34 முதல் 38 வரை

அம்மோனியா 1. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. செவுள் படபடவென்று அடித்தது. காலையும் மாலையும் கால் தொட்டி மாற்றினேன். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள். மணலிலும் இலையிலும் கொஞ்சம் உறை மிஞ்சியிருக்க வேண்டும், முதல் தடவை போல் இழுக்கவில்லை. 38ஆம் நாள் தீனிக்கு மேலே வந்தது.

நாள் 49

அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. மூன்று நாளாக இதே. இனி வாரம் ஒரு முறை 6 லிட்டர் மாற்றினால் போதும்.

நாள் 58

சித்திரை வெயில். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதெல்லாம் ஹீட்டர் வாங்கு என்றுதான். இதற்கு ஏற்ற சூடு 25 முதல் 28 டிகிரி. வளவு ஓரத்தில் மதியம் 3 மணிக்கு என் தெர்மாமீட்டர் 32 காட்டியது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும்; இவன் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்வதால் தாங்கினான், ஆனால் நாளெல்லாம் மந்தம். ஐஸ் போட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. திடீரென்று ஏறி இறங்குவது அதைவிடக் கெடுதல் என்பதால் விட்டேன். இரண்டாங்கட்டு அறைக்கு மாற்றினேன். தடித்த சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. பகலில் 29, இரவில் 28. மார்கழியில் ஹீட்டர் தேவைப்படுமா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஊரணியிலிருந்து கொஞ்சம் வேலம்பாசி கொண்டு வந்து போட்டேன். கூடவே நத்தைகளும் வந்துவிட்டன. அலசிப் போட்டிருக்க வேண்டும்.

நாள் 70

வால் கிழிசல் ஆறி, விளிம்பில் கண்ணாடி போலப் புதுச் சவ்வு வளர்ந்திருக்கிறது. காலையில் ஆத்தா கூப்பிட்டார். கையில் கரண்டி. “நொரை பொங்கிக் கெடக்கு, எடுத்துரவா? உன்னையக் கேக்காமச் செய்யக் கூடாதுன்னு நிக்கிறேன்.”

எட்டிப் பார்த்தேன். வாதா இலைக்கு அடியில், ஓர் எட்டணாக் காசு அகலத்துக்கு, கடுகை விடச் சின்னக் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. சேவல் மேலே வந்து காற்றை வாங்கி, எச்சில் பூசி ஒரு குமிழியாக அடியிலிருந்து ஒட்டுகிறது. நகர்ந்து போய்ப் பார்க்கிறது. திரும்ப வந்து இன்னொன்று. கூடு. பெண் மீன் இல்லாவிட்டாலும் கட்டும். முட்டை வந்தால் கீழே விழுவதை வாயால் பொறுக்கி இந்த நுரையில் வைத்துக் காப்பதும் ஆண்தான்.

ஆத்தாவிடம் சொன்னேன். கரண்டியை இறக்கிக்கொண்டு முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டினார்.

“ஆம்பளையா இதெல்லாம் செய்யுது?”

“ஆமா ஆத்தா.”

“அப்ப பொம்பள எங்க?”

மகள் அந்தப் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோடி சேர்ப்பதற்குத் தனித் தொட்டி வேண்டும், குஞ்சுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் தீனி வேண்டும், ஆண் குஞ்சுகள் வளர்ந்ததும் ஆளுக்கொரு புட்டி வேண்டும். இப்போதைக்கு இலை மாற்றும் நாளைத் தள்ளிப் போட்டிருக்கிறேன், கூடு கலையாமல் இருக்க.