அஸ்தம்பட்டி மாடியில் அத்தி

ஜனவரி 16
ஏற்காட்டில் நாங்கள் விற்ற வீட்டில், அப்பா வைத்த அத்தியின் இலை உதிர்ந்துவிட்டதாகத் தகவல். நாளை முதல் பஸ்ஸில் மேலே போகிறேன்.

ஜனவரி 17
மரம் மொட்டையாக நின்றது. குச்சி எடுக்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. இலை உதிர்ந்த பிறகு மாவுச்சத்தெல்லாம் தண்டில் தங்கியிருக்கும். வேர் பிடிக்கும்வரை குச்சிக்கு அதுதான் கட்டுச்சோறு. பென்சில் பருமனில், போன ஆண்டுக் கிளைகளாகப் பார்த்து வெட்டினேன். வீட்டை வாங்கியவர்களின் ஆள் கேட்டருகே நின்றிருந்தார். அவசரப்படுத்தவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனிதர். ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கினேன்.

ஜனவரி 18
ஒரு குச்சிக்கு நான்கு கணு. அடியில் கணுவை ஒட்டி நேர்வெட்டு, நுனியில் சாய்வெட்டு. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க இந்த அடையாளம். வெட்டுவாயில் பால் துளிர்த்து நிற்கிறது. துடைத்தால் மறுபடி துளிர்க்கிறது. இந்தப் பால் தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். அப்பாவின் முன்னங்கையில் கறுப்பாக ஒரு தழும்பு இருந்ததே, அது இந்த மரத்தின் பாலால் வந்ததுதான்.

தென்னை நார்க் கழிவை உப்புப் போக அலசி, அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையைக் கலந்து, உள்ளே தெரிகிற டம்ளர்களில் நிரப்பிக் குச்சிகளை நட்டு மூடி வைத்தேன். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் விழக்கூடாது. அத்திக் குச்சி காய்ந்து சாவதைவிட ஈரத்தில் அழுகிச் சாவதுதான் அதிகம்.

ஜனவரி 21
அம்மா மாடிக்கு வந்தாள். டம்ளர்களைப் பார்த்தாள். உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஜனவரி 30
மொட்டு விரிந்திருக்கிறது! ஒன்றிரண்டில் அல்ல, முக்கால்வாசிக் குச்சிகளில். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. ஆனாலும் நம்பத் தயங்குகிறேன். தண்டில் இருக்கிற சத்தைத் தின்றுதான் இந்த இலை வருகிறது. அது தீர்வதற்குள் கீழே வேர் வந்தாக வேண்டும். ஒரு குச்சியில் மிளகளவு காய் முகிழ்த்திருந்தது. கிள்ளி எறிந்தேன். வேரில்லாத குச்சிக்குக் காய் எதற்கு?

பிப்ரவரி 3
வெட்டிவிட்டார்களாம்.

பிப்ரவரி 4
தம்பி போன் செய்வதே அத்தி பூத்தாற்போல்தான். நேற்று அவன் பெயரைத் திரையில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பொக்லைன் வைத்துத் தூரோடு தோண்டி எடுத்தார்களாம். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். “ஒரு மரம்தானே அக்கா, நாலு செடி நான் வாங்கித் தருகிறேன்” என்றான். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நாலு செடி வேறு, அது வேறு. விதையிலிருந்து வருவது பிள்ளை. குச்சியிலிருந்து வருவது அதே மரம். குளவி வந்து மகரந்தம் சேர்க்காமலே பழுக்கிற வகை இது. அதன் விதை வெற்று விதை, முளைக்காது. யாராவது கிளையை ஒடித்து நட்டால்தான் அதற்கு நாளை என்று ஒன்று உண்டு. ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 11,400 ஆண்டுப் பழமையான கருகிய அத்திப் பழங்களும் இப்படிப்பட்ட வகைதான் என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால், தானியப் பயிர்கள் மனிதன் வசமாவதற்கு முன்பே யாரோ ஒருவர் கிளை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றியிருக்கிறார். நேற்றிரவு படுத்தபடி அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் காபியும் பழமரங்களும் கொண்டு வந்து வைத்த மலை அது. அங்கே ஓர் எஸ்டேட் வேலியோரத்தில் அப்பா கேட்டு வாங்கிய கிளை. ரகத்தின் பெயர் அவருக்கும் தெரியாது. எந்த நர்சரியில் என்ன பெயர் சொல்லி நான் கேட்பது?

பிப்ரவரி 9
வெள்ளைப் பூஞ்சணம். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. ஒரு குச்சியை மெல்ல இழுத்தேன். பட்டை மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. உள்ளே தண்டு பழுப்பேறிக் கொழகொழத்திருந்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியவற்றைப் பச்சை தெரியும்வரை சீவிப் புதுக் கழிவுக்கு மாற்றினேன்.

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 12
செம்மண் வாங்கப் போன இடத்தில் பூனா அத்திச் செடி வைத்திருந்தார்கள். இடுப்பளவு உயரம், காயோடு. “இதை வாங்கிப் போங்கள் அம்மா, குச்சியோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்?” என்றார் கடைக்காரர். நல்ல செடிதான். செம்மண் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 16
டம்ளர்களைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கறுப்பு ஈக்கள். ஈயால் கெடுதல் இல்லை, அது ஈரத்தில் இடுகிற முட்டையிலிருந்து வரும் புழுதான் பிஞ்சு வேரைத் தின்னும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி நட்டு வைத்தேன். மேலே ஒரு விரற்கடை உலர்ந்த மணல்.

பிப்ரவரி 17
அட்டை நிறைய ஈ. திருப்தி.

பிப்ரவரி 23
எல்லாவற்றிலும் செழிப்பாக இருந்த குச்சி தலைதொங்கிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்தது அதுதான். உருவிப் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் புடைப்பு மட்டும், வேர் ஒன்றுகூட இல்லை. இலையைப் பார்த்துப் பார்த்து இத்தனை நாள் மகிழ்ந்ததெல்லாம் வீண். கோபமாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால் வீட்டை விற்றவன் மேல், கார் வைத்திருப்பவர்கள் மேல், இந்த ஊர் வெயில் மேல்.

பிப்ரவரி 28
வேர்!

ஜன்னலோரம் ஒதுக்கி வைத்த டம்ளரில். ஒரு கண் மட்டுமே முழித்திருந்த நோஞ்சான் குச்சி. இரண்டாவது கணுவுக்குக் கீழே கிளம்பி, டம்ளரின் சுவரைத் தொட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது. தூய வெள்ளை. உடனே கறுப்புத் துணி சுற்றி வைத்தேன், வேருக்கு இருட்டு வேண்டும். ஆனால் மணிக்கொரு தரம் துணியை விலக்கிப் பார்க்கிறேன்.

மார்ச் 2
மேலும் சிலவற்றில் வேர். அம்மாவிடம் சொன்னேன். “ம்” என்றாள்.

மார்ச் 8
மூடிகளை ஒரேயடியாக எடுத்தால் இலை கருகிவிடும். காலையில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று வெளிக்காற்றுக்குப் பழக்குகிறேன். பத்து மணிக்கெல்லாம் மாடித் தளத்தில் கால் வைக்க முடியவில்லை. இந்நேரம் மேலே ஒண்டிக்கடைப் பக்கம் சால்வை இல்லாமல் காலையில் வெளியே வரமாட்டார்கள். மலையில் பிறந்தது இந்தச் சூட்டைத் தாங்க வேண்டும்.

மார்ச் 12
அணில் ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டது. வேர் அறுந்துவிட்டது. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17
அம்மா தானாகவே மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்து, விரலால் அடிப்புறத்தின் சொரசொரப்பைத் தடவினாள். “இதை எங்கே வைக்கப்போகிறாய் கண்ணு?” என்றாள். பெரிய தொட்டியில் என்றேன். “தரையில் வை. அவர் தரையில்தான் வைத்தார்” என்றாள். வீடு கைமாறிய பிறகு அப்பாவைப் பற்றி அவள் பேசியது இதுதான் முதல் தடவை.

தரைக்கு எங்கே போவேன்? வாடகை வீடு.

மார்ச் 20
கிணற்றடியில் இருக்கிற இடத்தை வீட்டுக்காரரிடம் கேட்டேன். அத்தி வேர் சுவரைப் பிளக்குமே என்றார். அது நாட்டு அத்தி, இது சீமை அத்தி, கிளையைக் கவாத்து செய்து அடக்கியே வளர்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறாராம். டம்ளருக்குள் வேர் சுற்றத் தொடங்கிவிட்டது, அதுவரை தாங்காது. இன்று சாயங்காலமே செம்மண், மணல், மட்கிய சாணம் கலந்து பைகளுக்கு மாற்றியாக வேண்டும்.