மியூனிக்கில் ஓர் ஓரத்து நாற்காலி

மரீன்பிளாட்ஸில் யூ6 ரயில் ஏறி கீஃபர்ன்கார்டனில் இறங்கினேன். பெட்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் என்னோடு இறங்கி ஒரே திசையில் நடந்ததால் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் எம்.ஓ.சி. கண்காட்சி வளாகத்தில் நடந்த, உயர்தர ஒலிக்கருவிகளுக்கான ஹை எண்ட் கண்காட்சிக்குத்தான். 2004இல் பிராங்க்பர்ட்டிலிருந்து இங்கே வந்த கண்காட்சி இது. 2025 வரை மியூனிக்கில் இருந்துவிட்டு இப்போது வியன்னாவுக்குப் போய்விட்டது. இங்கிருந்து போவதற்குள் ஒருமுறையாவது வந்து கேட்டுவிட வேண்டும் என்று பல வருட ஆசை.

கீழ்த்தளக் கூடங்களில் சந்தை இரைச்சல். நிதானமாகக் கேட்க மாடி அறைகள்தான் சரி. கதவைச் சாத்திவிட்டுப் பாட்டுப் போட்டார்கள்.

முதலில் நுழைந்த அறையில் ஸ்பீக்கர் ஜோடியின் விலை ஒரு வீட்டின் விலை. பின்சுவரை ஒட்டித்தான் இடம் கிடைத்தது. தாழ்ந்த சுரம் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸின் ஒவ்வொரு சுரமும் குடத்துக்குள் பேசுவது போல் கும்மென்று நீண்டு அடுத்த சுரத்தை மூடியது. ஏமாற்றமாக இருந்தது. பாட்டு மாறும் இடைவெளியில் இரண்டாவது வரிசைக்கு நகர்ந்தேன், கும்மல் பாதியாகிவிட்டது! சுவரோரம் தாழ்ந்த ஒலி சேர்ந்து பெருகும் என்று படித்திருந்தேன்தான். ஆனால் பத்தடி நகர்ந்து காதால் கேட்டபோதுதான் உறைத்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு அறையிலும் குறைந்தது இரண்டு இடத்தில் உட்காராமல் எதையும் முடிவு செய்யவில்லை.

அடுத்தது அவான்ட்கார்டு நிறுவனத்தின் ட்ரியோ ஸ்பீக்கர். ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்பும் அதன் புனல் போன்ற கொம்புகளில் பெரியது ஒரு மீட்டர் அகலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு வாட் கொடுத்தாலே 107 டெசிபலைத் தாண்டுகிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் 87 பக்கம் நிற்கும். 20 டெசிபல் வித்தியாசத்தை ஈடுகட்ட 100 மடங்கு சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டால், குறைந்த சக்தியுள்ள சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயரே இதற்கு ஏன் போதும் என்பது புரியும். டிரம்பெட் ஊதியவர் மூச்சை இழுத்தது எதிரில் நிற்பவர் இழுத்தது போல் இருந்தது. அந்த உடனடித்தன்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் குரல் ஒரு பக்கமாக ஒதுங்கியது.

பெர்லின் நிறுவனமான எம்பிஎல்லின் அறையில் 101 ரக ஸ்பீக்கர்கள். கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது இடது ஓரத்துக் கடைசி நாற்காலி, போச்சு என்றுதான் நினைத்தேன். மற்ற ஸ்பீக்கர்களில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு இதன் மேல்பகுதியில் கிடையாது. பூசணிக்காயின் வரிகளைப் போல வளைந்த அலுமினியப் பட்டைகள் வட்டமாக நிற்கின்றன, அதற்கு மேல் கார்பன் இழையில் இன்னும் இரண்டு சின்ன உருண்டைகள். பட்டைகளின் ஒரு முனையை மின்சுருள் தள்ள, நடுவில் அவை புடைத்து அடங்குகின்றன, அதனால் ஒலி நாலா பக்கமும் ஒரே மாதிரி போகிறது. செல்லோ தொடங்கியது. அது என் எதிரில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அறையின் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி, யாரோ உட்கார்ந்து வாசிக்கிற இடத்திலிருந்து வந்தது. வில் திரும்பும்போது அதன் மயிர் கம்பியில் உரசும் அந்தச் சின்னச் சொரசொரப்பு வரை கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் நடு நாற்காலி ஒன்று காலியானது, போய் உட்கார்ந்தேன். செல்லோ இன்னும் தெளிவானது, ஆனால் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மறுநாள் ஞாயிறு, கண்காட்சியின் கடைசி நாள். கதவு திறந்ததும் நேராக அந்த அறைக்குப் போனேன். நடு வரிசை காலியாகவே இருந்தது. நான் இடது ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.