அங்க எந்தத் தெரு?

வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூவில் "சொந்த ஊர் எது?" என்பது பேச்சைத் தொடங்க. "அங்க எந்தத் தெரு, குலதெய்வம் எது?" என்று நீண்டால் கேட்பது சாதி. இருவருக்கும் அது தெரியும்.

"கல்யாணம் எப்போ?"வும் அதே ரகம். இரவு ஷிப்ட் பார்க்க முடியுமா என்பதுதான் சந்தேகம் என்றால் அதையே கேளுங்கள், ஆண்களிடமும்.

விளம்பரம் போடும் முன்பே வேலைக்குத் தேவையான நாலைந்து திறன்களை எழுதிவிடுங்கள். திறனுக்கு ஒரு கேள்வி. எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. 1 முதல் 5 வரை மதிப்பெண். எந்த மாதிரிப் பதிலுக்கு 1, எதற்கு 5 என்று முன்கூட்டியே எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

பெரும்பாலும் சொதப்புவது கடைசி இரண்டு நிமிடத்தில்தான். ஆள் வெளியே போனதும் மேனேஜர் "பையன் நல்லாப் பேசுறான்ல?" என்பார். கூட இன்டர்வியூ எடுக்கும் மற்ற இருவரின் பேனாவும் 4-க்குப் போய்விடும். அவரவர் மதிப்பெண்ணை எழுதி முடித்த பிறகே வாயைத் திறக்க வேண்டும், மேனேஜர் கடைசியாக. "நம்ம டீமுக்கு செட் ஆகமாட்டாங்க" என்று யாராவது சொன்னால், எந்தத் திறனில் எத்தனை குறைவு என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

இன்னொன்று: வேலைக்கு எடுக்கும் முன் செய்யும் மருத்துவப் பரிசோதனைப் பட்டியலில் எச்.ஐ.வி. இருந்தால் உடனே நீக்குங்கள். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி./எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி அதை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது.